எழுத்து கவுந்தா அது பக்கா, ஃபீச்சரா?

இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி புடுங்கியே பொழுது போயிடுச்சு. போன வெள்ளிக்கிழமைதான் ரிலீஸ் முடிஞ்சது. கேக் வெட்டினாங்க, சமோசா கொடுத்தாங்க, எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தட்டின கை உறுத்த ஆரம்பிச்சது. அந்த உறுத்தலை இங்கே கொட்டிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். காபியை எடுத்துக்கிட்டே வந்துடுங்க.

நான் பொட்டி தட்டுற இடத்தைப் பத்தி முதல்ல ரெண்டு வரி. புனேயில ஹிஞ்சேவாடி பக்கம். படம், பாட்டு, வீடியோ எல்லாம் ஓட்டுற பிளேயர் மென்பொருள் செய்றோம். டிவியோட மாட்டுற சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள்ள போய் உட்காருற சரக்கு. கம்பெனி பேரு வேண்டாம். வீட்டு லோன் இன்னும் 11 வருஷம் பாக்கி இருக்கு.

அடுத்து எங்க அப்பா. அம்பாசமுத்திரம். ஆர்.எம்.எஸ்.ல சார்ட்டிங் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அம்மா போனதுக்கு அப்புறம் ஆறு மாசம் ஊர்ல, ஆறு மாசம் எங்களோட. காது மந்தம். மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கேன். டிவி முன்னாடி உட்கார்ந்தா அது விசில் அடிக்குதுன்னு கழட்டி வெச்சிடுவார். பழைய தமிழ்ப் படம்னா அவருக்கு உயிர். ஆனா வசனம் விளங்காது. சத்தத்தைக் கூட்டினா கீழ் வீட்டு காகூ மேல வந்து கதவைத் தட்டுவாங்க.

இதுக்கு வழி கண்டுபிடிச்சது நானில்லை, தங்கமணி. தமிழ்ப் படத்துக்குத் தமிழ்லயே சப்டைட்டில் போட்டா அப்பா படிச்சுக்குவாரேன்னு சொன்னா. ஓப்பன்ஏஐ கம்பெனி 2022 செப்டம்பர்ல விஸ்பர்னு ஒண்ணை எல்லாருக்கும் இலவசமா வெளியிட்டுச்சு. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்கும். தமிழும் தெரியும், ஆனா நிறையத் தப்பு விடும். எங்ககிட்ட இருந்த பழைய டிவிடி படங்களை அதுல ஓட்டி, வர்ற தப்பையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து திருத்தி, ஒரு படத்துக்கு ஒரு வாரம்னு கணக்கு வெச்சு சப்டைட்டில் ஃபைல் தயார் பண்ணினா. அப்பாவுக்காக மட்டுமில்லை. எங்க பொண்ணு மூணாம் கிளாஸ். தமிழ் நல்லாப் பேசுவா, எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துல மராத்தி, இந்தி, இங்கிலீஷ். தாத்தாவோட உட்கார்ந்து பார்த்தா எழுத்தும் பழகிடும்னு ஒரு நப்பாசை.

நப்பாசைன்னு சொன்னாலும் இதுக்கு ஆதாரம் இருக்கு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல இருந்த பிரிஜ் கோத்தாரிங்கிறவர் இதையேதான் செஞ்சார். குஜராத்திப் பாட்டுக்குக் குஜராத்தியிலேயே வரி ஓட விட்டா, எழுத்துத் திக்கித் திணறிப் படிக்கிறவங்களுக்குப் படிப்பு தானா பழகும்னு சொல்லி, 1999ல குஜராத் தூர்தர்ஷன்ல ஆரம்பிச்சாங்க. பிறகு இந்திப் பாட்டு நிகழ்ச்சிகளுக்கும் வந்துச்சு. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம், வாய் பாடுற வரியைக் கண்ணு பின்தொடருது, அவ்வளவுதான் சூட்சுமம்.

சரி, ஃபைல் ரெடி. நான் பெருமையா ஆபீஸ்லேருந்து எங்க டெஸ்ட் பெட்டி ஒண்ணைக் கேட்டு வாங்கிட்டு வந்து ஹால்ல மாட்டினேன். நம்ம கம்பெனி பிளேயர், நம்ம வீட்டு சப்டைட்டில். படம் ஓட ஆரம்பிச்சுது. அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு நிமிஷம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, எவம்ல இதை எழுதுனது? கொம்பைக் கொண்டுபோய் வாலுல மாட்டியிருக்கான்!”

எத்தனையோ கிறுக்கல் விலாசங்களைப் படிச்சுப் பழகின கண்ணு அவருக்கு. அதனால தட்டுத் தடுமாறி அதையும் படிச்சார். ‘அப்பா, அடுத்த ரிலீஸ்ல சரியாயிடும்’னு சொன்னேன். அது மூணு ரிலீஸுக்கு முன்னாடி.

என்ன கோளாறுன்னு தொழில்நுட்பம் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லிடறேன், ஏன்னா வழக்கே இதுலதான் இருக்கு. தமிழ் எழுத்து 247னு படிச்சிருக்கோம். கணினி அத்தனையையும் தனித்தனியா வெச்சுக்கிறதில்லை. 1991ல வந்த யூனிகோடின் முதல் பதிப்புலேருந்தே தமிழ் உண்டு. அதுல ‘கெ’ங்கிற எழுத்து, முதல்ல ‘க’, அப்புறம் கொம்புன்னுதான் சேமிக்கப்படும். வாய் உச்சரிக்கிற வரிசை அதுதான். திரையில வரையும்போது கொம்பை முன்னாடி கொண்டுவந்து வைக்கிறது மென்பொருளோட பொறுப்பு. ‘கோ’ன்னா ரெட்டைக் கொம்பு முன்னாடி, கால் பின்னாடி, ‘க’ நடுவுல. ‘கு’, ‘ரு’ எல்லாம் எழுத்தோட உருவமே மாறும். இந்த வேலையைச் செய்யத்தான் எழுத்தை வடிவமைக்கிற நிரல்னு ஒண்ணு இருக்கு. அதுல பிரபலமானது ஹார்ஃப்பஸ். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் அதுதான் உழைக்குது. உங்க போன்ல இதைத் தமிழ்ல ஒழுங்காப் படிக்க முடியுதுன்னா அதுக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கங்க. இலவசம். யாரும் எடுத்துத் தன் சரக்குல சேர்த்துக்கலாம்.

எங்க பிளேயர் சப்டைட்டிலுக்கு அதைச் சேர்க்கலை. வந்த வரிசையில ஒவ்வொரு குறியா வரைஞ்சு வெச்சுக்கிட்டே போகும். இங்கிலீஷுக்கு அது போதும். தமிழ்ல ‘பே’ எழுதச் சொன்னா ‘ப’ வரைஞ்சு அதுக்குப் பின்னாடி கொம்பு மாட்டும். ‘போ’ன்னா ‘ப’ போட்டு, பின்னாடி ஒரு கொம்பு, நடுவுல ஆளில்லாத காலி இடம், அப்புறம் ஒரு கால்.

இதுல ஒரு வேடிக்கை. டிவிடி காலத்துல இந்தப் பிரச்சினையே கிடையாது. ஏன்னா டிவிடி சப்டைட்டில் எழுத்து இல்லை, படம். எழுதினவங்க ஒழுங்கா எழுதியிருந்தா அப்படியே வரும். டெக்னாலஜி வளர்ந்து படம் எழுத்தா மாறினப்போதான் நம்ம எழுத்து உடைஞ்சது. முன்னேற்றம்!

இப்போ மீட்டிங்குக்கு வர்றேன்.

ஒரு ரிலீஸுக்கு என்னென்ன சேர்க்கலாம்னு முடிவு பண்றதுக்கு எங்க இடத்துல ஒரு நாள் முழுக்க உட்காருவோம். இந்த வாட்டி பட்டியல்ல 43 உருப்படி. கையில இருக்கிற ஆளுங்களையும் நாளையும் வகுத்துப் பார்த்தா 11க்குத்தான் இடம். பதினொண்ணாவது வரிக்குக் கீழ ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேல இருந்தா வாழ்வு, கீழ இருந்தா ‘அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம்’. ‘அடுத்த ரிலீஸ்’னா என்னன்னு பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரியும். ஊர்ல கடன் கேட்டா ‘அறுப்பு முடியட்டும்’னு சொல்வாங்களே, அது.

எதை வெச்சு வரிசைப்படுத்துறாங்க? ரைஸ்னு ஒரு கணக்கு. எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பலன் தரும், எவ்வளவு உறுதியாச் சொல்ல முடியும், இந்த மூணையும் பெருக்கி, எவ்வளவு உழைப்பு வேணுமோ அதால வகுக்கணும். பார்க்க விஞ்ஞானமா இருக்கும். ஒரு உதாரணம் போடுவோம், எண்கள் என் கற்பனை. பெட்டியை ஆன் பண்ணும்போது லோகோ துள்ளிக் குதிக்கிற அனிமேஷன். தொடுறது 1,00,000 பேர், பலன் 0.25, உறுதி 1, உழைப்பு 1 மாசம். மதிப்பெண் 25,000. தமிழ் சப்டைட்டில் எழுத்து. தொடுறது 400 பேர், பலன் 3, உறுதி 0.5, உழைப்பு 2 மாசம். மதிப்பெண் 300. முடிஞ்சது கதை. லோகோ குதிக்கும், அப்பா தடவித் தடவிப் படிக்கணும்.

அந்த 400 எங்கேருந்து வந்துச்சு? அங்கேதான் கோல்மால். பெட்டிகள் அனுப்புற புள்ளிவிவரத்துலேருந்து வருது. எத்தனை பேர் சப்டைட்டில் மொழியா தமிழைத் தேர்ந்தெடுத்து, படம் முடியுற வரைக்கும் அப்படியே விட்டாங்கங்கிற எண்ணிக்கை அது. உடைஞ்ச எழுத்தை மூணு மணி நேரம் எவன் பார்ப்பான்? ரெண்டு நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டுப் போறான். கணக்குல அவன் ‘தமிழ் வேண்டாம்னு சொன்னவன்’. பஸ்ஸே நிக்காத ஸ்டாப்பிங்ல டிக்கெட் எத்தனை வித்துச்சுன்னு பார்த்துட்டு, ‘இங்கே ஏறுறதுக்கு ஆளே இல்லை, ஸ்டாப்பிங்கை எடுத்துடலாம்’னு முடிவு பண்ற மாதிரி. வெயில்ல நின்னு கை காட்டிட்டு நடந்து போனவனை எந்த டிக்கெட் மெஷினும் எண்ணாது.

ஆனா என் பெரிய ஆத்திரம் இந்த 400 மேல இல்லை. தமிழ் எழுத்து ஒழுங்கா வர்றது அந்தப் பட்டியல்ல இருந்ததே தப்பு. அது ‘புது ஃபீச்சர்’ பட்டியல்.

யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு எங்க பிளேயர்ல இங்கிலீஷ் ‘ஏ’ எழுத்து தலைகீழா வருதுன்னு வெச்சுக்குவோம். அதை ரைஸ் கணக்குல போட்டு, அனிமேஷனோட மல்லுக்கட்ட விட்டு, ஓட்டு எடுப்பாங்களா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் எழுப்பி ரிலீஸையே நிறுத்துவாங்க. அதுக்குப் பேரு பக். இங்கிலீஷ்ல எழுத்து கவுந்தா பக், தமிழ்ல கவுந்தா ஃபீச்சர் ரிக்வெஸ்ட். பக்னா சரி பண்ணியாகணும், அது கடமை. ஃபீச்சர்னா மனசு வெச்சாப் பண்ணலாம், அது சலுகை. ஒரு வார்த்தையில நம்மளைக் கேக்குற இடத்துலேருந்து கெஞ்சுற இடத்துக்குத் தள்ளிடறாங்க. பெட்டியோட அட்டையில ‘தமிழ் சப்டைட்டில் உண்டு’ன்னு அச்சடிச்சு வித்தாச்சு. வித்த பொருள் வேலை செய்யலைன்னா அது புது ஃபீச்சரா?

தமிழ் வெறின்னு நினைச்சுடாதீங்க. எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் கொல்கத்தா. அவங்க எழுத்துலயும் கொம்பு உண்டு, அதுவும் வாலுக்குப் போயிடுது. டெஸ்டிங்ல ஒரு சேச்சி பாலக்காடு. மலையாளமும் அதே கதி. இந்தியிலயும் ‘கி’ எழுதும்போது குறி முன்னாடி வரணும், அதுவும் உடைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா ஒரு பெரிய கஸ்டமருக்கு டெமோ காட்ட வேண்டி வந்தப்போ, ரெண்டே வாரத்துல இந்திக்கு மட்டும் ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்தாங்க. முறையாச் செஞ்சிருந்தா எல்லா மொழிக்கும் ஒரே வேலைதான். 2011 மக்கள்தொகைக் கணக்குல தமிழ் பேசுறவங்க 6.9 கோடி, வங்காளி 9.7 கோடி, மலையாளம் 3.5 கோடி. மொத்தம் 20 கோடி. இந்தியாவுக்குள்ள மட்டும். எங்க எக்செல்ல மூணு தனித்தனி வரி, ஒவ்வொண்ணும் ‘சில நூறு பேர்’.

எதிர்க்கட்சி வக்கீலா நின்னும் பேசிடறேன், இல்லாட்டி நியாயமில்லை. எல்லாத்தையும் ஒரே ரிலீஸ்ல திணிக்க முடியாதுங்கிறது நிஜம். ஒரு புது விஷயம் சேர்த்தா பெட்டி பெட்டியா, டிவி டிவியா மாட்டிப் பார்க்கணும். கடைசி நேரத்துல சேர்த்தது நல்லா ஓடிட்டிருந்த நாலைக் கெடுக்கும். அதுக்குத்தான் ஒரு தேதிக்கு அப்புறம் எதையும் உள்ள விடுறதில்லை. எல்லாம் சரி. தேர்ந்தெடுக்கத்தான் வேணும். விட்டுத் தள்ளத்தான் வேணும்.

விட்டுத் தள்ளுறதையும் ஒழுங்கா செய்யலாம். மைக்ரோசாஃப்ட் 2012ல விண்டோஸ் 8 கொண்டுவந்தப்போ டிவிடி ஓட்டுற வசதியை எடுத்துட்டாங்க. ஜனங்க இணைய வீடியோவுக்குப் போறாங்க, டிவிடி டீகோடருக்கு லைசென்ஸ் காசு அழணும்னு காரணத்தை முன்கூட்டியே வெளிப்படையாச் சொன்னாங்க. நமக்குப் பிடிக்காம இருக்கலாம். ஆனா என்ன கிடைக்காதுன்னு தெரிஞ்சுதான் வாங்கினோம். விஎல்சி மாதிரி வேற வழியும் இருந்துச்சு.

இன்னொரு கதை. 2011 ஜூன்ல ஆப்பிள், வீடியோ எடிட்டிங் பண்றவங்களுக்கு ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளியிட்டாங்க. அடியோட புதுசா எழுதின மென்பொருள். பல கேமராவுல எடுத்ததை ஒண்ணா வெச்சு வெட்டுற வசதி அதுல இல்லை. பழைய ஃபைனல் கட்ல செஞ்ச வேலையைத் திறக்கக்கூட முடியலை. எடிட்டர்ங்க உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. 2012 ஜனவரியில, ஏழே மாசத்துல, பல கேமரா வசதி திரும்பி வந்துச்சு. ஏன் வந்துச்சு? கேட்டவங்க கையில மைக் இருந்துச்சு. தொழில்ல பெரிய பேர், சத்தம் போடத் தெரிஞ்சவங்க.

எங்க அப்பா கையில என்ன மைக் இருக்கு? காதுல மாட்டுறதையே கழட்டி வெச்சிருக்கார்.

மைக் இல்லாதவங்களுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதோட 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்கள்ல வர்றது எல்லாம் அவங்க அணுகக்கூடிய வடிவத்துல கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்கணும்னு சொல்லுது. காது கேளாதவங்களுக்குத் திரை எழுத்தும், பார்வை இல்லாதவங்களுக்குக் காட்சி விளக்க ஒலியும் அதுல பேர் சொல்லியே வருது. எங்க மீட்டிங்ல அந்தச் சட்டத்தோட பேரை ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. லோகோ எத்தனை தடவை குதிக்கணும்னு 40 நிமிஷம் பேசினோம். அளந்து வெச்சிருக்கேன்.

இதுல இன்னொரு கொடுமை. 2025 ஜனவரியில லாஸ் வேகாஸ்ல நடந்த சி.இ.எஸ். கண்காட்சியில விஎல்சி ஆளுங்க ஒண்ணு செஞ்சு காட்டினாங்க. இணையமே இல்லாம, அவங்கவங்க கணினியிலேயே, பேச்சைக் கேட்டு சப்டைட்டில் எழுதி, வேற மொழிக்கு மாத்தியும் காட்டுறது. அதைப் பார்த்துட்டு எங்க ஆபீஸ்லயும் ‘ஏஐ சப்டைட்டில்’னு ஒரு வரி ஓடி வந்து பட்டியல்ல மேல ஏறி உட்கார்ந்துக்கிச்சு. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. தமிழைக் காதால கேட்டு எழுதுறது மகா கஷ்டமான வேலை. அதை மிஷின் செய்ய ஆரம்பிச்சாச்சு. அது எழுதிக் கொடுத்ததைக் கொம்பு மாறாம திரையில வரையுறது பல வருஷத்துக்கு முன்னாடியே தீர்ந்துபோன வேலை. அதை நாம செய்யலை. மாடி கட்டி மொசைக் போட்டாச்சு, ஏறிப் போக ஏணி இல்லை.

இவ்வளவு பேசுறியே, மீட்டிங்ல நீ என்ன செஞ்சேன்னுதானே கேக்குறீங்க? அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுத்தி வளைச்சேன்.

கடைசியில ஓட்டு. ஆளுக்கு அஞ்சு ஸ்டிக்கர். பிடிச்ச உருப்படிக்குப் பக்கத்துல ஒட்டணும். தமிழ் எழுத்து பதினேழாவது வரியில இருந்துச்சு. ரெண்டு ஸ்டிக்கர் விழுந்திருந்தா பத்தாவதா வந்திருக்கும். கொல்கத்தாக்காரர் என்னைப் பார்த்தார். நான் சேச்சியைப் பார்த்தேன். சேச்சி ஜன்னலைப் பார்த்தாங்க. மூணு பேர் கையிலயும் சேர்த்துப் பதினைஞ்சு ஸ்டிக்கர். ஒண்ணுகூட அங்கே போகலை. ‘ஊர்க்காரன், தன் மொழிக்குன்னு பேசுறான்’னு பேரு வந்துடுமோன்னு பயம். அப்ரைசல் ரெண்டு மாசத்துல. என் அஞ்சுல ஒண்ணு அந்தத் துள்ளுற லோகோவுக்குப் போச்சு. ஏன்னா அது என் மாட்யூல்.

ஆமாம் மக்களே. லோகோவைக் குதிக்க விட்டவன் நான்தான்.

அப்பா போன மாசம் ஊருக்குக் கிளம்பினார். அறுப்பு, வரப்பு, பென்ஷனுக்கு ஏதோ கையெழுத்து. கிளம்புற அன்னிக்குக் காலையில பாப்பா நோட்டுப் பேப்பரைக் கிழிச்சு ஒரு கடிதம் எழுதி அவர் பையில வெச்சா. யாரும் சொல்லிக் கொடுக்கலை, தானா எழுதின முதல் தமிழ். ‘தாத்தா போகாதீங்க’ன்னு ஒரு வரி, கீழே ‘பேத்தி’ன்னு கையெழுத்து. ரயில்வே ஸ்டேஷன்ல அப்பா அதை எடுத்து என்கிட்ட நீட்டினார். ‘போ’ன்னு எழுதின இடத்துல முதல்ல ‘ப’, அப்புறம் ரெட்டைக் கொம்பு, ஒரு விரல்கடை காலி இடம், அப்புறம் கால். ‘பேத்தி’யில கொம்பு பின்னாடி. அழகா, நிதானமா, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தா.

“என்ன பாப்பா, கொம்பு பின்னாடி இருக்கு?”

“டிவியில அப்படித்தானேப்பா வருது. நீங்கதானே அதைச் செஞ்சீங்க.”

அப்பா ஒண்ணும் சொல்லலை. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். “தப்பா எழுதுன விலாசம்னாலும் வந்து சேந்துட்டுல்லா”ன்னு மட்டும் சொன்னார். ரயில் போன பிறகும் நான் அங்கேயே நின்னுட்டிருந்தேன்.

இந்த திங்கட்கிழமை ஆபீஸ்ல முதல் வேலையா அந்தப் பழைய ஃபீச்சர் ரிக்வெஸ்ட்டை மூடினேன். அதே விஷயத்தை பக்னு புதுசாப் பதிவு பண்ணினேன். தீவிரம் முதல் நிலை. அட்டையில என்ன அச்சடிச்சிருக்கோம்ங்கிற போட்டோ ஒண்ணு, திரையில என்ன வருதுங்கிற போட்டோ ஒண்ணு. கொல்கத்தாக்காரர் கீழே வங்காளி போட்டோ சேர்த்தார். மத்தியானம் சேச்சி மலையாளம் சேர்த்தாங்க. சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, “இது பக் இல்லையே, ஃபீச்சர்தானே?”ன்னார். “இங்கிலீஷ்ல வந்தா என்னன்னு சொல்வீங்க?”ன்னு கேட்டேன். பதில் வரலை. “டேட்டா இருக்கா?”ன்னார். சண்டை இன்னும் முடியலை. தோத்தாலும் தோப்பேன். ஆனா இனி ‘அடுத்த ரிலீஸ்ல பார்க்கலாம்’னு மூடணும்னா, அது தெரிஞ்சே விட்ட குறைன்னு யாராவது கையெழுத்துப் போட்டாகணும்.

டேட்டா விஷயத்துலதான் உங்க உதவி வேணும். என்னை மாதிரி வெளியூர்ல குடும்பம் நடத்துறவங்க நாம. போன்லயோ டிவியிலயோ தமிழ் உடைஞ்சு வந்தா என்ன செய்றோம்? ‘சே, இங்கிலீஷ்ல போட்டுக்கலாம்’னு மாத்திக்கிறோம். நமக்கு ரெண்டு மொழியும் தெரியும், அதனால வலிக்கிறதில்லை. அந்த ஒரு சொடுக்கு அங்கே ‘தமிழ் தேவையில்லை’ங்கிற ஓட்டா விழுது. நம்ம அப்பா அம்மா சார்புல, நம்ம பிள்ளைங்க சார்புல, அவங்களைக் கேக்காமலே அந்த ஓட்டைப் போடுறோம்.

அடுத்த தடவை மாத்திக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் செலவு பண்ணுங்க. ஒரு போட்டோ எடுங்க. செட்டிங்ஸ்ல எங்கேயாவது ‘பிரச்சினையைத் தெரிவிக்க’ன்னு இருக்கும். அதுல போடுங்க. ‘தமிழ் வேணும்’னு எழுதாதீங்க, அது கோரிக்கை. ‘தமிழ் உண்டுன்னு சொல்லி வித்தீங்க, எழுத்து உடைஞ்சு வருது’ன்னு எழுதுங்க, அது புகார். கோரிக்கை வேற பட்டியலுக்குப் போகும், புகார் வேற பட்டியலுக்குப் போகும். உள்ளே இருக்கிறவன் சொல்றேன், நம்புங்க. வீட்டுல காது மந்தமான பெரியவங்க இருக்காங்கன்னா அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்க.

அந்த மாதிரி மீட்டிங்ல உட்காருற பாக்கியம் உங்களுக்கும் இருந்தா, பெங்களூர்லயோ ஹைதராபாத்லயோ நொய்டாவுலயோ, பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காம ஸ்டிக்கரை ஒட்டிடுங்க. அவரும் உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருக்கார்.

பாப்பாவுக்கு இப்போ தினம் ராத்திரி நானே எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். நோட்டுல, பென்சில்ல. ‘போ’ சரியா வந்துடுச்சு. ‘பே’ இன்னும் சில நாள் பின்னாடியே போகுது. ஒரு தடவை பழகினதை அழிக்கிறது கஷ்டம்தானே.

டிஸ்கி: எங்க மேனேஜருக்குத் தமிழ் படிக்க வராதுங்கிற தைரியத்துலதான் இதையெல்லாம் எழுதியிருக்கேன். மொழிபெயர்க்கிற ஏஐ இதை அவருக்குக் காட்டிக் கொடுத்துச்சுன்னா, ஐயா, வணக்கம். அந்த பக் இன்னும் திறந்தேதான் இருக்கு.